நலம் என்று குறித்த வீடுகள்

உட்காருங்கள் பிள்ளைகளே. வழி கேட்டுக்கொண்டா வந்தீர்கள்? பேராசிரியர் அஃப்ராக்கோமா வீடு என்றால் குமாசியில் எந்த டாக்ஸிக்காரனும் வாசலில் கொண்டுவந்து இறக்கியிருப்பானே. பல்கலைக்கழகம் விசாரணைக்கு ஆள் அனுப்பும் என்று தெரியும். மூவரும் என்னிடம் படித்தவர்களாக இருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. சந்தோஷம்தான். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஆய்வைத் தொடங்கிய காலத்தில், கிராமத்தில் பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஒரே வழிதான்: மாவட்ட மருத்துவமனையில் ஒரு வாரம் ஊசி. பெற்ற உடம்பு ஆறாத தாய் லாரியில் ஏறிச் செம்மண் சாலையில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். பாதிப்பேர் போகவே மாட்டார்கள். வீட்டிலேயே கொடுக்கக்கூடிய ஒரு சிரப் போதும் என்று காட்ட விரும்பினேன். கெட்ட ஆசையா? நீங்களே சொல்லுங்கள்.

மூன்று நாள் சிரப் கொடுத்து முடிந்த மறுநாள் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவர அலிடுவை வைத்திருந்தேன். வடக்கே டமாலேக்காரன். பொய் சொல்லத் தெரியாதவன், எங்கள் அசாந்தி மக்களின் வழக்கமும் தெரியாதவன். ஒருநாள் ஜீப்பில் ஏறியதும் வயிற்றைத் தடவிக்கொண்டான்.

"மேடம், உங்க ஊர்க்காரங்களோட சுத்துனா நான் குண்டாயிருவேன். இன்னைக்கும் ஃபூஃபூக் களி, வேர்க்கடலைச் சாறு. வேணாம்னாலும் விடல."

"பிள்ளை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கும். அந்தம்மா புதுசா வெள்ளை கட்டிட்டிருந்தாங்க. பிள்ளையைக் காட்டுங்கன்னேன், காட்டல. எட்டு நாள் ஆகாம வெளியாளுக்குக் காட்ட மாட்டீங்களாமே? நலம்னு போட்டுட்டேன். சரிதானே மேடம்?"

"சரிதான் அலிடு," என்றேன்.

நீங்கள் நகரத்தில் பிறந்தவர்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவள் வெள்ளை உடுத்துவது உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் காட்டோரத்துப் பழைய ஊர்களில், எட்டாம் நாளுக்கு முன் போய்விட்ட பிள்ளைக்காக யாரும் அழக்கூடாது. பெயர் வைக்காத பிள்ளை வெறும் விருந்தாளி. எட்டிப் பார்த்தான், இடம் பிடிக்கவில்லை, போய்விட்டான். அவன் முன்னால் அழுது தாழ்ந்துவிடக் கூடாது என்று தாயும் தகப்பனும் வெள்ளை உடுத்தி, வேர்க்கடலைச் சாறு வைத்து, வருகிறவர்களுக்கும் ஊற்றுவார்கள். என் அம்மாவும் ஒருமுறை ஊற்றினாள். எனக்கும் ஒரு கிண்ணம் கிடைத்தது. வெள்ளை மட்டும் என்றால் பிள்ளை இருக்கிறது. வெள்ளையோடு அந்தச் சாறும் வந்தால் இல்லை.

அவசரப்பட்டு எதையும் எழுதுகிறவள் அல்ல நான். அலிடு சொன்ன அந்த வீட்டுக்கு நானே போனேன். சேவா என்கிற பெண். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள், சாறு ஊற்றினாள். அவளுடைய வெள்ளைத் துணி மார்புப் பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. குடிக்க வாய் இருந்தால் பால் இப்படியா வழியும்? சாப்பிட்டேன். மறுப்பது மரியாதையில்லை. அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுதியிருக்க வேண்டும்.

இப்படி எத்தனை வீடு என்று கேட்கிறீர்கள். கூட்டிப் பார்க்கவில்லை. அலிடு அடிக்கடி வயிறு நிறைந்துதான் வருவான்.

கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. இன்றுவரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. இந்தக் கண்டத்தில் என் துறையில் வேறு யாருக்கும் அதில் பாதிகூட இல்லை. அதைப் பார்த்துத்தான் வெளிநாட்டுப் பணம் வந்தது, குழந்தைகள் வார்டு எழும்பியது, உங்கள் மூவருக்கும் படிப்பு உதவித்தொகை கிடைத்தது. எத்தனையோ நாடுகள் கிராமத்துக்கு ஊசி அனுப்புவதை நிறுத்திவிட்டுச் சிரப் வாங்கின. ஒரு வறண்ட எண் இவ்வளவு வேலை செய்திருக்கிறது. அதை நான் அசைக்க வேண்டுமாம்.

என்னிடம் படித்த நியார்க்கோவா, அவள் உங்களுக்குத் தோழிதானே? அவள் என் ஆய்வை மறுபடி நடத்தி, வீடு வீடாகப் போய், ஒவ்வொரு பிள்ளையையும் கையில் வாங்கிப் பார்த்துத்தான் எழுதினாள். சிரப் மட்டும் குடித்த பிள்ளைகள் அதிகம் சாகின்றன என்று அவளுக்குக் கிடைத்தது. இதழுக்கு அனுப்பினாள். இதழ், மதிப்பிட்டுச் சொல்லுங்கள் என்று எனக்கு அனுப்பியது. வேறு யாருக்கு அனுப்பும்? மாதிரி எண்ணிக்கை போதாது என்று திருப்பினேன். அடுத்த இதழும் என்னிடமே அனுப்பியது. அதையும் திருப்பினேன். அதற்குள் சில வருடங்கள் ஓடின. ஒருநாள் என் அறைக்கு வந்து நின்றாள்.

"ப்ரொஃபசர், ரெண்டு தடவையும் திருப்பினது நீங்கதானே?"

"பேர் போடாம வர்ற கருத்தும்மா. எந்த ஊர்க்காரன் எழுதினானோ."

"அஞ்சு வருஷம் உங்ககிட்ட திட்டு வாங்கியிருக்கேன், ஆன்ட்டி. உங்க திட்டு எனக்கு அடையாளம் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்டிக்காரி.

"எனக்கும் சாறு ஊத்துனாங்க," என்றாள். "நான் கிண்ணத்தைத் தொடல. உள்ள போய்ப் பாயைப் பார்த்தேன். காலிப் பாய்."

"உனக்கு மரியாதை தெரியலைன்னு அர்த்தம்."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் கேக்கறேன்."

வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். பிறகு அவள் கட்டுரை வேறொரு இதழில் எப்படியோ அச்சாகிவிட்டது, நீங்களும் வந்துவிட்டீர்கள். அவள் கட்டுரையின் முதல் வரியைப் பார்த்தீர்களா? என் பெயர். என்னைத் தவறு என்று சொல்லவும் என்னைத்தான் மேற்கோள் காட்ட வேண்டியிருக்கிறது. அதுவும் என் கணக்கில்தான் ஏறியது.

என் கட்டுரையை நானே திரும்பப் பெற்றால்தான் அரசுகள் சிரப்பை நிறுத்தும், அதுவரை பிள்ளைகள் போய்க்கொண்டேயிருக்கும் என்கிறீர்கள். புரிகிறது. தெரிந்தேதான் எழுதினேன். சேவாவின் பிள்ளை இல்லை என்று தெரிந்து, நலம் என்று எழுதினேன். அதைப்போல மற்றவற்றையும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த மண்ணிலிருந்து உலகம் தலைவணங்கிப் படித்த கட்டுரை அது ஒன்றுதான்.

கடைசியாக என் பேத்தியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், சென்ற வருடம் பிறந்த நான்காம் நாளே காய்ச்சல். என் காரிலேயே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். ஒரு வாரம் ஊசி. கட்டில் பக்கத்தைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. வீடு திரும்பியதும் என் பெயரையே வைத்தார்கள்.

ஏன் சிரப் கொடுக்கவில்லை என்பது படித்தவர்கள் கேட்கும் கேள்வி அல்ல. அந்தச் சிரப் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. கட்டுரையின் தலைப்பிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறேன். மேற்கோள் காட்டுகிறவர்கள் தலைப்பையாவது படிக்க வேண்டும், பிள்ளைகளே.