துளசி காயவைத்த காகிதம்

"துளசி குடிச்சுத்தான் மதினி, எம்பிள்ள சாகக் கெடந்தான்."

சிவகாசி பஸ் ரயில்வே கேட்டில் நின்றிருந்தது. எனக்கு முன் இருக்கையில் ஒருத்தி, பக்கத்திலிருந்த தன் மதினியிடம் சொன்னாள்.

"துளசி என்னடி செய்யும்?"

"மழைக்காலத்துச் சளிக்கு ஆகட்டும்னு பறிச்சு, நெழல்ல காயவச்சேன். தரை மண்ணா இருக்குன்னு அவுக வேல பாக்குற வெடிக் கம்பெனியிலருந்து பழைய காயிதம் கொண்டாந்து விரிச்சாக. அதுல வெடிமருந்து ஒட்டியிருந்தது ரெண்டு பேருக்குமே தெரியல. அந்த எலையக் காய்ச்சிக் குடுத்தேன். ஒரே வாந்தி. மூணு நாளு ஆஸ்பத்திரியில கெடந்து பொழச்சான்."

"அண்ணன் என்ன செஞ்சாக?"

"மிச்ச எலை அம்புட்டையும் குழி தோண்டிப் புதைச்சாக. வெடிமருந்து பட்ட கையால பிள்ளையத் தொடவே பயந்தாக."

கேட் திறந்தது. பஸ் நகர்ந்தது.

"இப்ப எப்படியிருக்கான்?"

"நல்லா இருக்கான். போன வாரம் திரும்ப இருமுனான். அவுகளே துளசி பறிச்சாந்து, கட்டாத கோடி வேட்டிய விரிச்சுக் காயவச்சாக. காஞ்சதும், 'மொதல்ல எனக்குக் காய்ச்சிக் குடு. பொழுதடையுற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலன்னா, பெறகு பிள்ளைக்குக் குடுக்கலாம்'னாக."