மேட்டுச் சடக்கில் சிவப்பு ரிப்பன்

இல்லை தம்பி, இந்த மேட்டு மேல இதுக்கப்புறம் பாதை கிடையாது. என் வீட்டோட முடிஞ்சிடும். சைக்கிளை அந்தத் தூணோரமாச் சாய்ச்சு வையுங்க. செயின் வெளிப்பக்கமா இருக்கட்டும், இல்லைன்னா சுவத்துல எண்ணெய் படும். ம், அப்படித்தான். தண்ணியை மெதுவாக் குடிங்க, ஏறி வந்த மூச்சு இன்னும் உங்களுக்கு அடங்கலை.

ரிப்பனைப் பார்த்துத்தானே வந்தீங்க? அப்புறம் என்ன. சிவப்பு ரிப்பன் எந்தப் பக்கம் கட்டியிருக்கோ அந்தப் பக்கம் போகணும்னுதானே புறப்படும்போது சொல்லி விட்டிருப்பாங்க. அவங்க சொன்னபடிதான் நீங்க செஞ்சிருக்கீங்க. உங்க தப்பு ஒண்ணும் இல்லை.

உங்ககூடச் சைக்கிள் ஓட்டி வந்த மத்தவங்க கீழ்ச் சடக்குல, அந்த ரோட்டுல போயிட்டாங்க. இந்நேரம் சுவா ஊர்ப் பக்கம் இறங்கியிருப்பாங்க. அங்கதானே ஓட்டம் முடியுது? தலை எண்ணுவாங்க இல்லையா? எண்ணினா ஒருத்தர் குறையறது தெரிஞ்சிடும். யாராவது தேடிக்கிட்டு வருவாங்க. வர்றவங்க ஒரு பக்கம் வந்து, நீங்க ஒரு பக்கம் போனா ரெண்டு பேருக்கும் அலைச்சல். அதனால உக்காருங்க. கோப்பி போடறேன்.

நல்ல சைக்கிள். தொட்டுப் பார்க்கலாமா? முன் கவையில குழாய்க்குள்ள குழாய் இறங்கி ஏறுதே, இது தொண்ணூறுக்கு அப்புறம் வந்தது, அஞ்சாறு வருஷம்தான் இருக்கும். எங்க வாங்கினீங்க? சிரம்பான் ராசாவுலயா. கோயிலைத் தாண்டி இடது கைப் பக்கம் இருக்கிற கடையா? ம். விலையில குறைச்சுக் கொடுத்தாரா? மாட்டாரு. ஆனா வேலை சுத்தமா இருக்கும்.

இதோட பிறந்த ஊர் எது, தெரியுமா? தைவான் அதைச் செஞ்ச ஊர், தம்பி. நான் கேக்கறது பிறந்த ஊர்.

நான் இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவ. எதையும் ஆரம்பத்துல இருந்து வரிசையாச் சொல்லித்தான் பழக்கம். போன தடவை உங்களை மாதிரியே ஒருத்தர் இங்க வந்து சேர்ந்தாரு. காலேஜ் லெக்சரர். போகும்போது பையில இருந்த இங்கிலீஷ் சைக்கிள் புத்தகம் ஒண்ணைக் கொடுத்துட்டுப் போனாரு. விளம்பரம் உட்பட முழுசாப் படிச்சிட்டேன். இங்க படிக்கிறதுக்கு நேரம் இருக்கு.

அமெரிக்காவுல, மேற்குக் கரையோரம் ஒரு மலை. எழுபதுகள்ல அங்க இருந்த இளவட்டங்க, பழைய காலத்துல பேப்பர் போடறவங்க வெச்சிருந்த சைக்கிள்களைத் தேடிப் பிடிச்சிருக்காங்க. தடிச்ச டயரு, தூக்க முடியாத கனம், கியர் கிடையாது. பெடலைப் பின்னுக்கு மிதிச்சாப் பிரேக். அதை லோரியில ஏத்தி மலை உச்சிக்குக் கொண்டு போயி அங்கிருந்து மண் பாதையில ஓட்டிக்கிட்டு இறங்குறது. யாரு முதல்ல வர்றாங்கன்னு பந்தயம். கீழ வந்து சேர்றதுக்குள்ள பின் சக்கரத்து நடுக் குண்டுல இருக்கிற கிரீஸ் எரிஞ்சு புகைஞ்சு காணாமப் போயிடும். ஒவ்வொரு தடவையும் பிரிச்சுப் புதுக் கிரீஸ் திணிக்கணும். அந்தப் பந்தயத்துக்கே அதைத்தான் பேரா வெச்சிருக்காங்க, மறுபடி திணிக்கிறதுன்னு. எழுபத்தாறுல நடந்த விஷயம்.

அதைப் படிச்சப்போ நான் சத்தமாச் சிரிச்சிட்டேன். தனியா இருக்கிற வீட்டுல சத்தமாச் சிரிச்சிருக்கீங்களா? கொஞ்சத்துல வெக்கமாப் போயி நிறுத்திடுவோம்.

ஏன் சிரிச்சேன்னா, அதே கிரீஸ் வாடை எனக்கும் தெரியும். அதுக்கு அடுத்த வருஷம், இதே மேட்டுல.

அப்ப இதெல்லாம் பால்மரக் காடு, ரப்பர். இப்பத்தான் செம்பனையை நட்டு இருட்டாக்கிட்டாங்க. எங்க அண்ணன் இந்த மேட்டுக்காட்டுலதான் மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டினாரு. பால் வாளியைக் காண்டாக் கம்போட ரெண்டு முனையிலயும் கட்டித் தோள்ல சுமந்து கீழ ஸ்டோருக்குக் கொண்டு போகணும். மழை பேஞ்சா செம்மண்ணு சோப்பு மாதிரி வழுக்கும். தோள் ரெண்டும் தோல் உரிஞ்சு கிடக்கும் அவருக்கு. சைக்கிள்ல இறங்கலாம்னாரு. எல்லார்கிட்டயும் இருந்தது அந்த உசரமான கறுப்புச் சைக்கிள்தான், மெல்லிசு டயரு. முதல் திருப்பத்துலயே சறுக்கிப் போட்டுடும். டயர்ல புடைப்பு இருந்தா மண்ணைக் கவ்வும்னு அவருக்காவே தோணியிருக்கு. யாரும் சொல்லிக் கொடுக்கலை.

ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு ரப்பருக்கு அலையறதான்னு, ஒட்டுப்பாலை எடுத்தாரு. அதாங்க, மரத்துல வெட்டின கோட்டுல காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்தப் பால். அதைக் கட்டை விரல் கனத்துக்கு உருட்டி, டயரைச் சுத்தி வரிசையா ஒட்டி, பால் ஷீட்டு உலர்த்தற புகைவீட்டுல கொண்டு போயித் தொங்க விட்டுட்டாரு. வெளிய எடுத்தப்போ முதலை முதுகு மாதிரி இருந்துச்சு. நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம்.

ஞாயித்துக்கிழமை காலையில ஓட்டிக் காட்டினாரு. நான் காலேஜ் லீவுல வந்திருந்தேன். லயத்து வீட்டுச் சனமே வந்து நின்னுச்சு. மேல ஏறும்போது நல்லாத்தான் கவ்வுச்சு, எல்லாரும் கை தட்டினாங்க. மேல நின்னு அவரு ரொம்ப நேரம் பேசினாரு, அதுதான் வினை. வெயில் ஏறிடுச்சு. கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர் வெயில்ல இளகும். இறங்கும்போது சருகு ஒட்டுது, குச்சி ஒட்டுது, ரப்பர் கொட்டை ஒட்டுது, மயிலம்மாள் வீட்டுக் கோழி இறகு ஒட்டுது. சக்கரம் பருத்துக்கிட்டே வந்து நடு வழியில கவையில இறுகி நின்னு போச்சு. வேலையை மேற்பார்க்கிற ராஜமாணிக்கம் மண்டோர் பார்த்துட்டு, நாளையில இருந்து உனக்குப் பால்வெட்டு வேணாம்பா, காடு கூட்டற வேலை எழுதிடறேன்னாரு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஒரு மாசம் அதையே சொல்லிச் சிரிச்சுதுங்க.

சிரிங்க தம்பி. அவரே சிரிச்சாரு.

ஆனா விடலை. பழைய டயரை அறுத்து டயருக்கு மேல டயராப் போட்டு, மரத்துல பால் வடியற மங்கு மாட்டற கம்பியால முறுக்கிக் கட்டினாரு. உடைஞ்ச மோட்டார் சைக்கிள்ல இருந்து ஹேண்டல் பாரும் பிரேக் பிடியும் கழட்டி மாட்டினாரு. அகலப் பிடி இருந்தாத்தான் இறக்கத்துல அடங்குமாம். முன் பிரேக்கு அந்தக் கனத்துக்குப் பிடிக்கலை. பின்னாடி மிதிச்சுப் பிடிக்கிற பிரேக்கு அவ்வளவு தூரம் தாங்கலை. முதல் தடவை சக்கரத்துல புகையோட வந்து இறங்கினாரு. எங்கம்மா பயந்து போயிக் கழனித் தண்ணியைத் தூக்கி ஊத்திட்டாங்க, சக்கரத்து மேல பாதி, அவரு மேல பாதி. அப்புறம் அது வாடிக்கையாப் போச்சு. அவரு இறங்குவாரு, நான் கிரீஸ் டின்னோட கீழ நிப்பேன். பிரிச்சுத் திணிச்சுக் கொடுப்பேன். காலேஜ்ல படிக்கிற பொண்ணு கையப் பாருன்னு அம்மா திட்டுவாங்க.

எழுந்திரிக்காதீங்க. கோப்பி ஆயிடுச்சு. சீனி போதுமா?

மீதியையும் சொல்லிடறேன், பாதியில விட்டா எனக்கு ஆகாது. அமெரிக்காவுல அவங்க பழைய சைக்கிள்ல கியரு வெச்சாங்க. ஏத்திவிட லோரி வேணாம், மிதிச்சே ஏறலாம்னு ஆச்சு. அவங்களும் மோட்டார்ப் பிரேக் பிடியைத்தான் மாட்டினாங்க, அதைப் படிச்சப்போ புத்தகத்தை மூடி வெச்சிட்டேன் கொஞ்ச நேரம். அப்புறம் ஒருத்தர் லேசான குழாயில புது பிரேமே கட்டினாரு. கையால செஞ்சது, விலை கட்டாது. அதனால ஜப்பானுக்கு அனுப்பிச் செஞ்சாங்க, பிறகு தைவான்ல. எண்பதுகள்ல உலகம் பூராவும் போயிடுச்சு. அப்புறம்தான் உங்களுது மாதிரி முன் கவையில ஸ்பிரிங். அங்க ஒருத்தர் செஞ்சதை நாலு பேர் பார்த்து அஞ்சாவது ஆள் திருத்தினாரு. இங்க அவரு ஒருத்தர்தான். பார்க்க நான் ஒருத்திதான்.

இல்லை, அவரு இங்க இல்லை. எண்பத்து மூணுலயே சிரம்பானுக்குப் போயிட்டாரு. முதல்ல ஒரு சீனர் கடையில வேலை, அப்புறம் சொந்தமா. அம்பாங்கான்ல வீடு வாங்கினாரு, அதுல எனக்குன்னு ஒரு ரூம் விட்டிருந்தாரு. ஜன்னலுக்குத் திரை கூடப் போட்டாச்சு வாம்மான்னு கூப்பிட்டாரு. பள்ளிக்கூடம் இருக்கிற வரைக்கும் வரலைன்னேன். அது போன வருஷம் மூடிடுச்சு. கடைசி மணியை நானே அடிச்சேன், கேக்கறதுக்கும் நான்தான் இருந்தேன். இந்த வீடு வருஷக் கடைசி வரைக்கும்தான், அதுக்கப்புறம் கம்பெனிக்காரங்க இடிச்சிடுவாங்க. லயத்துல இப்ப இந்தோனேசியாக்காரங்க இருக்காங்க. நல்ல மாதிரிதான், விடியறதுக்கு முன்னாடி போயி இருட்டினப்புறம் வருவாங்க. புதன்கிழமை காய்கறி வேன் வரும். அவன்கிட்ட வெங்காயம் பத்திப் பேசலாம். மழை பேஞ்சா அவனும் வரமாட்டான்.

ஏன் போகலைன்னா... சொன்னா உங்க வயசுக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். அவரு மகளுக்குச் சடங்கு வெச்சாங்க. அத்தை நான்தான், முதல் தண்ணி நான்தான் ஊத்தணும். கூடப் பிறந்தவளை எப்படிக் கூப்பிடணும்? வெத்தலை பாக்குத் தட்டோட வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிடணும். எனக்குப் பத்திரிகை தபால்ல வந்துச்சு. உறை மேல என் பேரு, சில்லா டீச்சர், இந்தத் தோட்டம், தபால்தலை, முத்திரை. அந்த வாரம் அவரு கடைக்குத் தைவான் சைக்கிள் பெட்டி பெட்டியா வந்து இறங்கியிருக்கு, நகர முடியலையாம். பின்னால கேள்விப்பட்டேன். நான் போகலை. பிள்ளையை உக்கார வெச்சிட்டு, அத்தை வந்துடுவான்னு நல்ல நேரம் முடியற வரைக்கும் தண்ணி ஊத்தாம வெச்சிருந்தாராம். அதையும் பின்னாலதான் கேள்விப்பட்டேன்.

அவரு, இனி அவளாக் கூப்பிட்டாத்தான் அந்த வாசலை மிதிப்பேன்னுட்டாரு. கூப்பிட வேண்டியவரு அவருதானேன்னு நான் இருந்துட்டேன். மூணு வருஷம் போயிடுச்சு, லா.

தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மோட்டார் வரும், உங்க ஓட்டத்துக்கு ரிப்பன் கட்டறதுக்கு. அந்த முச்சந்தியில வந்ததும் எஞ்சின் நின்னுடும். ஒரு ரிப்பன் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அதைவிட ரொம்ப நேரம் கழிச்சுத்தான் மறுபடி எஞ்சின் சத்தம் கேக்கும். என் பின்கதவுல நின்னு கூப்பிட்டாக் கேக்கிற தூரம். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருப்பேன். மோட்டார் கீழ்ச் சடக்குல போயிடும். இத்தனை செம்பனைக் காடு இருக்க, பந்தயம் விட அவருக்கு இந்தத் தோட்டம்தான் கிடைச்சுச்சா, சொல்லுங்க.

ஆமா. உங்களுக்குச் சைக்கிள் வித்தாரே, அர்ச்சுனன், அவருதான்.

கோவிச்சுக்காதீங்க. மத்த கூட்டம் பூராவும் முச்சந்தியைத் தாண்டிப் போற வரைக்கும் மரத்துக்குப் பின்னால நின்னேன். கடைசி ஆளா நீங்க மட்டும் இன்னும் முச்சந்திக்கு ஏறிக்கிட்டு இருந்தீங்க. அதுக்குள்ள ரிப்பனை அவுத்து இந்தப் பக்கம் கட்டிட்டு, பின்கதவு வழியா வீட்டுக்கு வந்துட்டேன். அவரு கட்டினா மங்குக் கம்பி முறுக்கற மாதிரி ரெண்டு சுத்துச் சுத்திச் சொருகியிருப்பாரு. எனக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குச் சடை கட்டிவிட்ட கை, பூ முடிச்சுத்தான் வரும். தேடி வர்றவரு அவரா இருந்தா முடிச்சைப் பார்த்ததுமே புரிஞ்சிடும். போன தடவை லெக்சரரைத் தேடறதுக்குக் கடை ஆள் மணியத்தை அனுப்பிட்டாரு. மணியத்துக்கு முடிச்சு தெரியுமா, கயிறு தெரியுமா.

உஷ். கேக்குதா? முச்சந்தியில சைக்கிள் பிரேக் பிடிக்கிற சத்தம்.

நீங்க இருங்க தம்பி, நீங்களே எட்டிப் பாருங்க. நான் இப்படி அடுப்புப் பக்கமாத் திரும்பி நின்னுக்கறேன். கால்சட்டை செயின்ல மாட்டாம இருக்க வலது காலை மடிச்சு மங்குக் கம்பியால கட்டியிருக்காரான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. கோப்பி மூணு பேருக்குத்தான் போட்டிருக்கேன்.