நாலாம் பாகம் வாங்கணுமாம்

— ஏல மோகன், இன்னும் சட்டை போடலியா? பத்து மணிக்கு விசாரணை. கம்பெனி பஸ் வார நேரமாச்சு.

— இரு சாம்சண்ணே, இருவது பக்கம்தான் கீது.

— வசந்தகுமார் வேலை இன்னைக்கு ஒன் வாயிலதான் இருக்கு. நீ துப்பறியும் கதை வாசிச்சிட்டுக் கெடக்க. அப்படி என்னல கதை?

— கதையா இது? குப்பைண்ணே. அஞ்சு பாகத்துல இது மூணாவது. நடுவுல பூந்தா ஒரு மண்ணும் புரியல. கொலை ரெண்டாம் பாகத்துலயே ஆயிட்ச்சாம். இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு பக்கத்துக்குப் பக்கம் டீ குடிக்கிறான், பெருமூச்சு வுடுறான். அவ்ளோதான்.

— பொறவு எதுக்கு வாசிக்க? தூரப் போடு.

— ஒரு சாட்சி வரான்ணே. சமையக்காரன் இன்னாவோ மறைச்சி எடுத்துக்கினு போனத பாத்தேன்றான். இன்னான்னு அவனுக்கே தெரியாது. அத்த வெச்சி சமையக்காரன உள்ள போட்டுட்டானுங்க. ஒரு கேள்வி கேக்க வேணாமா?

— கேக்கலன்னா என்ன, சாட்சிக்கு வாய் இல்லியா?

— பயந்துட்டான் போல.

— கடைசில சொன்னானா இல்லியா?

— கடைசி பக்கத்த மொதல்லயே பாத்துட்டேன். அதுக்கு நாலாம் பாகம் வாங்கணுமாம்.

— நல்லா வாங்கின போ. ஒன் சங்கதிக்கு வா. போன வாரம் கம்பெனி லைன்ல காணாமப் போன சென்சார் டப்பாவ வசந்து பேப்பர்ல சுத்திப் பையில வச்சத நீ கண்ணால பாத்தல்லா?

— பேப்பர்ல சுத்தி வெச்சான், அத்த பாத்தேன். டப்பான்னு எழுதினது சூப்பர்வைசர். நான் கையெழுத்து போட்டேன். அடுத்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட் வருதுண்ணே...

— டப்பா இல்லாம பின்ன என்ன? அவன் என்னமோ புஸ்தகம்னான். லைனுக்குள்ள புஸ்தகம் கொண்டு போகக் கூடாதுன்னு ஒளிச்சேன்னான். சரி, காட்டுன்னா ரூம்ல வச்சேன், காணோம்ங்கான். நீயும் அவனும் ஷிப்ட் மாத்தி ஒரே பாயிலதான படுத்திய. நீ ஏதும் பாக்கலல்லா?

— பஸ் வந்துட்ச்சாண்ணே?

— என்னல, தலைய ஏன் குனியுத?

— வெக்கமா கீதுண்ணே. உன் மூஞ்சிய பாக்க முடியல.

— எதுக்கு வெக்கம்? நீயா திருடின? அது சரி, ஒன் கையில இருக்க இந்தக் கதைப் புஸ்தகத்துக்கு எவனாச்சும் நியூஸ்பேப்பர்ல அட்டை போடுவானா? பள்ளிக்கூடத்துப் புள்ள கணக்கா?

— நான் போடலண்ணே, வசந்து போட்டது. பாய்க்கு அடியில கெடந்துச்சு. எட்டு நாளா என் தலைக்குக் கீழதாண்ணே கீது.