ஒரு தட்டு என்றால் நில்

மணி மாலை ஆறேமுக்கால். ஊர் முடிகிற இடத்தில், பூட்டிக் கிடக்கும் கிடங்குகளுக்கு நடுவே ஒரு சாலை. விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு இல்லை. மனுஷ வாடை இல்லை... ஒரு நாய்கூட இல்லை. அந்தச் சாலையில் ஒரு பழைய கார் மட்டும் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது.

என்ன, அதற்குள் போர்வையை இழுக்கிறாய்? பேய் இன்னும் வண்டியிலேயே ஏறவில்லையப்பா. இல்லை... ஏறித்தான் இருந்ததோ என்னவோ. நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இது என் சிநேகிதன் ஒருவனின் தங்கை வீட்டில் நடந்தது. அவளுடைய மாமனாருக்கு நடந்தது என்று சொல்வதுதான் சரி. கார் அவளுடையது. அவள் புருஷன் ஓட்டிய கார். அவன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, வண்டி உறை போட்டபடி நின்றது. அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு இனி ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று விற்கக் கிளம்பினாள். வாங்க வந்தவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துப் போனவர்தான் அந்தச் சாலையில் வந்துகொண்டிருந்தார்.

போதும், திரும்பலாம் என்று நினைத்து ரிவர்ஸ் போட்டார். வண்டி பின்னால் நகர்ந்தது... கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்...

டொக்.

ஒரே ஒரு தட்டு. டிக்கிக் கதவில். விரல் முட்டியால் தட்டுகிற தட்டு. மனுஷன் பிரேக்கை மிதித்துவிட்டார். இறங்கிப் போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. ஆனால் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, புல் மூடிக் கிடந்த பள்ளம்... ஆள் ஆழம்.

கண்ணாடிக் கடைக்காரர் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. டிக்கிக் கதவுக்குள் ஏதோ லூஸாக இருக்கிறது, அதைச் சரிசெய்து கொடுத்தால் வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று, மறுநாள் மத்தியானம் நேராக மாமனாரின் கார் பட்டறைக்கே கொண்டுவந்து விட்டார்.

மாமனாருக்குப் பட்டறை வட்டாரத்தில் கிளிப்பு என்று பேர். காரின் உள்பக்கத் தகரத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பலகை இருக்கிறதே, பட்டறைக்காரர்கள் 'பேட்' என்பார்கள், அதைக் கழற்றும்போது கிளிப்பெல்லாம் படபடவென்று ஒடியும். இவர் கையில் ஒன்றுகூட ஒடியாது. அவ்வளவு பொறுமை. ஆனால் அந்த ஒரு வருஷமாக வீட்டில் நின்ற அந்த வண்டிப் பக்கம் அவர் போகவே இல்லை. உறையைக்கூடத் தொட்டதில்லை.

ஏன் என்று கேளுங்கள்.

அந்தப் பட்டறையில் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அப்பாவும் மகனும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருத்தர் ரிவர்ஸ் எடுக்க, மற்றவர் பின்னால் நின்று டிக்கியில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போலாம். காதுக்குக் கேட்காவிட்டாலும் தகரம் வழியாகச் சீட்டுக்கு வந்து முதுகுக்குத் தெரியும். பையன் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து அதுதான் பேச்சு. வீட்டில்கூட, அப்பா சாப்பிட்டு எழுந்தால் பையன் மேஜையில் இரண்டு தட்டு தட்டுவான். கிளம்பலாமா என்று அர்த்தம்.

ஒரு நாள் அப்பா இதே வண்டியைப் பின்னால் எடுத்தார். மகன் பின்னால் நின்றான். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் சுவர்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓடி வந்தவர்கள் பார்த்தது, கீழே கிடந்த அவன் போன். அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் அவன் பெண்டாட்டி பேர். மத்தியானம் சாப்பிட வருவானா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள், பாவம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? போனை எடுக்கப் போய்த் தட்ட மறந்துவிட்டான் என்றார்கள். அப்பாவைக் கேட்டார்கள். அவரும் அதையேதான் சொன்னார். "அவன் தட்டலை. தட்டியிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டேனா?"

அந்தப் பெண் அதைக் கேட்டாள். கேட்டு, ஒரு வருஷம் அதைச் சுமந்தாள். போன் மணி எங்கே அடித்தாலும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாளாம். அண்ணனிடம்கூட அவள் சொன்னது ஒரே ஒரு தடவைதான்: "நான்தாண்ணே கொன்னேன்."

மாமனார் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு... பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சரி, பட்டறைக்கு வருவோம். வெயில் நேரம். கண்ணாடிக் கடைக்காரர் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டார், சத்தத்தைக் காட்டுகிறேன் என்று. கிளிப்பு ஸ்டியரிங்கைப் பிடித்தார். மருமகள் பட்டறை வாசலில் நின்றாள். வண்டி பின்னால் நகர்ந்தது. சுவர் நெருங்க நெருங்க...

"இதோ. கேட்டுச்சா?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

கிளிப்புக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்தவர் ஹேண்ட்பிரேக்கை எட்டிப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் வண்டி சுவரில் முட்டியிருக்கும். என்ன சத்தம், எனக்கு ஒன்றும் கேட்கலையே என்று அவர் திரும்பிப் பார்த்தார். வாசலில் மருமகள் முகம் வெளுத்துப் போய் நின்றாள்.

"எனக்கே இங்க கேட்டுச்சு மாமா," என்றாள்.

பாருங்கள்... வண்டிக்குள் இருந்தவருக்குக் கேட்டது. வாசலில் நின்றவளுக்குக் கேட்டது. பெற்றவருக்கு மட்டும் கேட்கவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் அடுத்த வாரம் வருகிறேன் என்று நழுவிவிட்டார். புத்திசாலி. மருமகள் போகவில்லை. வண்டியைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க மூடினதுதானே. நீங்களே கழட்டுங்க மாமா."

 அவர் டிக்கிக் கதவைத் தூக்கினார். கைப்பிடிக் குழியில் இருக்கிற சின்ன மூடியை நெம்பி, உள்ளே இருந்த திருகாணியைக் கழற்றினார். பிளாஸ்டிக் நெம்பியைப் பேட்டின் ஓரத்தில் நுழைத்தார். டப்... ஒரு கிளிப். டப்... இன்னொன்று. மூன்றாவது ஒடிந்தது. நாலாவதும் ஒடிந்தது. மருமகள் அவர் கையையே பார்த்தாள். அவர் கையில் கிளிப் ஒடிந்து அவள் பார்த்ததே இல்லை.

பேட் கழன்று கைக்கு வந்தது. அதோடு ஒரு வாசனையும் வந்தது. பசை நாற்றம் இல்லை, ரப்பர் நாற்றம் இல்லை.

கிராம்பு.

கல்யாணத்துக்கு அப்புறம் சிகரெட்டை விட்டதிலிருந்து பையன் வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். மருமகள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கதவின் உள்ளே தகரம் தெரியவில்லை. கறுப்பு ஷீட். அதன் மேல் இன்னொரு ஷீட். இருக்கிற பொந்திலெல்லாம் திணித்த ஃபோம். அது அவர் செய்த வேலை. 'பின்னாடி லொடலொடன்னு இருக்குப்பா' என்று பையன் சொன்னதற்கு, அந்தச் சம்பவத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து ஒட்டியது. 'இனி இடி விழுந்தாலும் உள்ள கேக்காதுடா' என்று பெருமையாக வேறு சொன்னார். மறுநாள் காலையில் வண்டியை எடுத்தார்...

இப்போது புரிகிறதா?

அவருக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போதே புரிந்துவிட்டது. புரிந்ததைத் தனக்குள் தானே திணித்து, அதன் மேலும் ஒரு பேட்டை வைத்து மூடிவிட்டார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அதனால்தான் அந்த வண்டியைத் தொடவில்லை.

ஷீட்டைப் பிய்த்தார். நகம் பெயர்ந்தது, நிறுத்தவில்லை. ஃபோமை அள்ளி அள்ளித் தரையில் போட்டார். வெறும் தகரம் தெரிகிற வரைக்கும் விடவில்லை. அப்புறம் கழற்றி வைத்த பேட்டைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம், தகரத்தைப் பார்த்து இருக்கிற பக்கம், ஒட்டியிருந்த பஞ்சு ஒரே இடத்தில் மட்டும் தேய்ந்து வழவழவென்றிருந்தது. விரல் முட்டி அகலம். கை நுழையவே வழியில்லாத இடம்... உள்ளேயிருந்து ஒருத்தன் வருஷம் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தால் எப்படித் தேயுமோ, அப்படி.

 அவர் போய்க் கம்ப்ரசரை ஓடவிட்டார். மருமகளைச் சீட்டில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார், பின்னாடி எடு என்று. டிக்கிக் கதவைச் சாத்தினார். பேட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரை ஒட்டி... அவன் நின்ற அதே இடத்தில் போய் நின்றார்.

அவள் என்ன நினைத்தாள்? மாமா தட்டுவார் என்று நினைத்தாள். புருஷன் அப்படித்தானே கற்றுக் கொடுத்திருந்தான்.

வண்டி பின்னால் வந்தது. இவர் நகரவில்லை. நகர வேண்டும் என்று மனசு சொன்னதாம், கால் கேட்கவில்லையாம். சைலென்சர் சூடு முழங்காலில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டார்...

டொக்.

பிரேக். வண்டி நின்றது. அவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண்.

இந்தத் தடவை அவருக்கும் கேட்டது. அவ்வளவு கம்ப்ரசர் இரைச்சலில், அவர் முகத்துக்கு நேரே, வெறும் தகரத்தில்... மகனுடைய தட்டு. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் இறங்கி ஓடி வந்தாள். நல்ல வேளை தட்டினீங்க மாமா என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் இரண்டு கையும் பேட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். போய்க் கம்ப்ரசரை அணைத்தாள். பட்டறையே அமைதியாகிவிட்டது.

"அன்னைக்கும் தட்டினான்மா," என்றார். "நான்தான் கேக்க முடியாத மாதிரி அடைச்சு வெச்சிருந்தேன்."

அவள் தரையில் கிடந்த ஃபோமைப் பார்த்தாள். ஒரு துண்டைக் கையில் எடுத்தாள்.

"அப்ப என் போனு?"

"உன் போனு இல்லம்மா. அவன் மறக்கல. அவன் எப்படிம்மா மறப்பான்?"

"ஒரு வருஷம் மாமா..." என்றாள்.  திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அந்த ஃபோம் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள், ஒரு வருஷத்து அழுகையையும் சேர்த்து அழுதாள். அவர் எட்ட உட்கார்ந்து, கைநீட்டித் தொடக்கூட யோக்கியதை இல்லாதவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளை போய்விட்டான். இருந்த ஒரு பெண்ணையும் தானே சாகடித்துக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

அழுது முடித்து எழுந்தாள். வண்டியை விற்கவில்லை என்று மட்டும் சொன்னாள். சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். 'வரேன்' என்றும் சொல்லவில்லை, 'போறேன்' என்றும் சொல்லவில்லை. சாவியைத் திருகிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கிளம்ப மனசு வரவில்லை, இறங்கவும் மனசு வரவில்லை.

அப்போது பின்னாலிருந்து...

டொக். டொக்.

இரண்டு தட்டு. போலாம்.

அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள். மாமனார் சுவரோரம் உட்கார்ந்த இடத்திலேயே, பேட்டும் கையுமாக. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் பயம் இல்லையாம். அண்ணனிடம் அவள் சொன்னது இது: முன்னால் வந்த தட்டெல்லாம் உள்ளேயிருந்து வந்தது... இது வெளியிலிருந்து வந்தது. வண்டியை எடுத்தாள். போய்விட்டாள். இன்றைக்கு வரை அந்த வண்டியில் ஒரு சத்தமும் இல்லை.

முடிந்தது என்று எழுந்திருக்கிறாயா? உட்கார்.

போன மாதம் என் வண்டியை அந்தப் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தேன். கிளிப்பு தனியாகத்தான் இருக்கிறார். மருமகள் எப்போதாவது போன் செய்வாளாம், சாப்பிட்டீங்களா மாமா என்று கேட்பாளாம். அதைச் சொல்லும்போது மனுஷனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பேட் சுவரில் மாட்டியிருக்கிறது, தேய்ந்த பக்கம் வெளியே தெரிய.

என் வண்டியைப் பின்னால் எடுக்க அவரே உட்கார்ந்தார். நான் பக்கத்துச் சீட்டில். கம்ப்ரசர் ஓடுகிறது. சுவர் நெருங்குகிறது. மனுஷன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நேரே முன்னால் பார்த்தபடி ஓட்டுகிறார். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது, சொல்லி வைத்தாற்போல் நிறுத்தினார்.

எப்படி என்று கேட்டேன்.

"கேட்டுச்சே, உங்களுக்குக் கேக்கலையா?" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை... வண்டி முழுக்கக் கிராம்பு வாசனை.