பாசி அறைக் கதவு

பெயர்: றோசலின் அருள்நாயகம். வயது: 38. முகவரி: மல்வேர்ன், ஸ்காபரோ, ரொறன்ரோ. தொழில்: ஆய்வுக்கூட உதவியாளர். திகதி: 18 நவம்பர் 1996. மொழிபெயர்ப்பாளர் துர்க்கா முன்னிலையில் தமிழில் பதியப்பட்ட பொலிஸ் வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் கணவருடனும் இரு பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். ஒன்றரை வருடமாக அலெக்ஸாண்டர் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டிய பருத்தித் துணிகளில் பாசியைப் படலமாக வளர்த்து, சுரண்டியெடுத்து, வாகனம் ஓட்டக்கூடிய எண்ணெயைப் பிரிக்க முயல்கிறார்கள். பாசி விரைவாக வளர, அறைக்குள் காபனீரொட்சைட்டு வாயு விடப்படும்; அது நிறைந்தால் உள்ளே நிற்பவருக்கு மூச்சு முட்டி உயிர் போகும். ஆள் உள்ளே போவதானால் வெளியிலுள்ள வால்வை மூடிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். மூடினால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். உட்பக்கம் கைபிடி இல்லை.

சுரண்டும் வேலை குலசிங்கம் அண்ணையுடையது. ரெக்ஸ்டேலிலிருந்து மூன்று பஸ் மாறி வருவார். "உந்தப் பாசி எண்ணெயில பஸ் ஓடுமாம், பிள்ளை. அதுவரைக்கும் நான் பஸ்ஸுக்குக் குளிருக்க நிக்கவேணும்" என்பார்.

கடந்த 12ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணியளவில் நான் குடுவைகள் கழுவிக்கொண்டிருந்தபோது அலெக்ஸாண்டர் வந்து, பார்வையாளர்கள் வரப்போவதாகவும், பாசி அறை திறந்து கிடப்பதாகவும், மூடி வாயுவை விடும்படியும் சொன்னார். நான் போய், கதவுக்கு அண்டைகொடுத்திருந்த வாளியை எடுத்துவிட்டுக் கதவை மூடினேன். அதன் பின்னர் வால்வைத் திறந்தேன். துணிகள் வரிசையாகத் தொங்குவதால் உள்ளே நிற்பவர் வாசலுக்குத் தெரியமாட்டார். நான் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆள் உள்ளே நிற்பதைக் காட்ட அட்டை ஏதும் தொங்கியதா என்று கேட்கப்பட்டது. அப்படி ஒன்று அங்கே இருந்ததேயில்லை.

அதன் பின்னர் குடுவை கழுவத் திரும்பினேன். சற்று நேரத்தில் மூன்று நான்கு தரம் தட்டும் சத்தம் கேட்டது. தண்ணீர்ப் பம்ப் சில நாட்களாக அப்படிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பம்ப் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்குப் பின்னர் பார்வையாளர்களோடு வந்து அலெக்ஸாண்டர் கதவைத் திறந்தபோது அண்ணை வாசலோடு விழுந்து கிடந்தார். நான்கு துணிகளைச் சுத்தமாகச் சுரண்டியிருந்தார். அம்புலன்ஸில் வந்தவர்கள் உயிர் போய்விட்டது என்றார்கள்.

பொலிசார் வருமுன் அலெக்ஸாண்டர் என்னைத் தனியே அழைத்து, குலசிங்கம் வால்வை மூட மறந்துவிட்டார், வாளி சறுக்கிக் கதவு பூட்டிக்கொண்டது என்று சொல்லச் சொன்னார். பயத்தில் அன்று அப்படியே சொன்னேன்.

நேற்று இறுதிச் சடங்கில் அண்ணையின் மனைவி கமலாம்பிகை என் கையைப் பிடித்து, "தன்ர பிழையாலதான் செத்தவர் எண்டு சொல்லினம், தங்கச்சி. அடுப்பை ரெண்டு தரம் பாத்திட்டுத்தானே அந்தாள் படுக்கிறது" என்று அழுதார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டில் கணவரிடம் சொன்னேன். இன்று யாரும் அழைக்காமல் நானாக இங்கே வந்தேன்.

குலசிங்கம் வால்வை மறக்கவில்லை. நான் கை வைத்தபோது அது இறுக்கி மூடியிருந்தது.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. 12ஆம் திகதி நான் சொன்னது பொய், இது உண்மை என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) றோ. அருள்நாயகம்