மூணாவது ஓட்டு

இல்ல டீச்சர், உக்கார வேண்டாம், நின்னுக்கிட்டே பேசிடறேன். இந்த நாற்காலியெல்லாம் ஏழு வயசுப் புள்ளைங்களுக்குப் போட்டது. நான் உக்காந்தா எழுப்பறதுக்கு ரெண்டு ஆள் வேணும். நீங்க பாட்டுக்குப் பெட்டியில அடுக்குங்க, உங்க வேலையைக் கெடுக்க வரலை. ஏற்கெனவே கெடுத்தாச்சேன்னு பாக்கறீங்க. பாருங்க. பாக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

சர்ச்சு முடிஞ்சு வீட்டுக்குத்தான் போய்க்கிட்டிருந்தேன். உங்க கார் ஸ்கூல் வாசல்ல நின்னுச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் இங்க வேற யாரு வரப்போறா, ரூமைக் காலி பண்றீங்கன்னு புரிஞ்சுபோச்சு. ஸ்கூலை நடத்தற போர்டோட தலைவர், வேலை போன டீச்சரைத் தனியா வந்து பாக்கறது விதிப்படி சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. தப்பா இருந்தாலும் நாளைக்கு ஏழு மணிக்கு மேல அது ஒரு பெரிய விஷயமா இருக்காது.

சொல்றேன், சொல்றேன். எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னுதான் பாக்கறேன்.

நான் இந்த போர்டுக்கு வந்ததே ஒரு பாய்லரால. பத்தொம்பது வருஷம் ஆச்சு, ஜனவரி மாசம், உறை குளிரு. ஸ்கூலைச் சூடா வெக்கற பாய்லர் படுத்துருச்சு. மாநிலத் தலைநகரம் கொலம்பஸ்லேருந்து ஆளு வர நாலு நாளாகும்னாங்க. நான் டிராக்டர் ரிப்பேர் பண்றவன். இரும்பு எது பேசினாலும் எனக்குக் கொஞ்சம் புரியும். ரெண்டு நாள் கீழே கிடந்து ஓட விட்டேன், காசு வாங்கலை. அந்த வருஷம் தேர்தல்ல நிக்க ஆளில்லை. டெல்மர் நிக்கட்டும்னு யாரோ சொன்னாங்க. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். என் சம்சாரம் நெடாதான், நில்லு, நான் இருக்கேன்னா. அஞ்சாவது தடவையா ஜெயிச்சு உக்காந்திருக்கேன். எதிர்த்து நின்னது ஒரே ஒரு தடவை ஒரே ஒரு ஆளு, அவனும் பாதியில ஃப்ளோரிடா போயிட்டான்.

அப்போ நல்லா இருந்துச்சு டீச்சர். ஆத்தோரத்துல கரண்ட் கம்பெனி ஓடிக்கிட்டிருந்தது. அவன் கட்டற வரியிலேயே பாதி ஸ்கூல் நடக்கும். புகைபோக்கியைப் பாத்தே சொல்லிடலாம் இந்த வருஷம் புது பஸ் உண்டா இல்லையான்னு. அதை மூடினாங்க. அப்புறம் ஊர் ஜனத்துக்கிட்ட, நீங்க கொஞ்சம் கூடுதலா வரி கட்டுங்கன்னு ஓட்டுக்கு விட்டோம். தோத்துச்சு. மறுபடியும் விட்டோம், மறுபடியும் தோத்துச்சு. ஜனத்தைக் குத்தம் சொல்ல மாட்டேன். கம்பெனி மூடினப்ப வேலை போனதும் அவங்களுக்குத்தானே. டவுன்ல பெரிய வீடுங்க இருக்கற ஸ்கூலுக்கு வீட்டு வரியிலேயே கொட்டும். இங்க ஒரு வீட்டை வித்தா அவங்க ஊர்ல ஒரு கார் ஷெட்டுதான் கட்டலாம். அப்படியிருக்க, மாநிலத்துக்காரன் ரெண்டு ஸ்கூலுக்கும் ஒரே பரீட்சை வெச்சு நட்சத்திரம் போடறான். நமக்கு அஞ்சுக்கு ஒண்ணரை.

உங்களுக்குத் தெரியும். அந்த அரை நட்சத்திரம் வந்ததே உங்களாலதான்னு எனக்கும் தெரியும். நீங்க வர்றதுக்கு முன்னாடி மூணாங்கிளாஸ்ல நாப்பத்தெட்டுப் பேர்ல இருபத்தியொண்ணுதான் வாசிப்புப் பரீட்சை தேறினாங்க. போன வருஷம் முப்பத்தஞ்சு. பாத்தீங்களா, மனசுல இருக்கு. எல்லாரும் சொல்லுவாங்க, டெல்மர் கூட்டத்துக்குக் காகிதம் கொண்டு வர மாட்டாரு, அத்தனையும் தலைக்குள்ள வெச்சிருக்காருன்னு. எனக்கும் அதுல கொஞ்சம் பெருமை இருந்துச்சு. இப்ப சொல்ல வெக்கமா இருக்கு.

ஏப்ரல் கூட்டத்துக்கு வர்றேன். அதுக்குத்தானே வந்திருக்கேன்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடி, ஸ்கூல் நிர்வாகத்தைப் பாக்கற சூப்பிரண்டு கெஸ்ஸிங்கர் அம்மா போன் பண்ணாங்க. அவங்க வெட்டிப் பேச்சு பேசறவங்க இல்லை. டெல்மர், செலவைக் குறைச்சே ஆகணும், ரெண்டு திட்டம் வெக்கறேன், ஏதாவது ஒண்ணை எடுங்க. முதல் திட்டம், ஃபுட்பால் டீமை நிறுத்தறது. ரெண்டாவது திட்டம், படிக்கத் திணறற புள்ளைங்களுக்கு இருக்கற இந்த வாசிப்பு ரூமை மூடி ரெண்டு டீச்சரை வீட்டுக்கு அனுப்பறது. அவங்க சொன்னது இதுதான். எனக்கு யோசிக்கவே தேவையில்லை. ஃபுட்பால் எனக்கும் பிடிக்கும். ஆனா பந்து புடிக்கத் தெரியாதவன் எப்படியும் பொழைச்சுக்குவான். முதல் திட்டம்னு மனசுல முடிச்சுப் போட்டு வெச்சுக்கிட்டேன்.

கூட்டத்தன்னைக்கு ஹால்ல நிக்க இடமில்லை. முக்கா மணி நேரம் ஜனம் பேசினாங்க. அப்புறம் சூப்பிரண்டம்மா, வீட்டுக்கு அனுப்பின காகிதக் கட்டை எல்லாரும் படிச்சிருப்பீங்க, நாப்பத்தொண்ணாம் பக்கம், ரெண்டு திட்டம், ஓட்டு எடுக்கலாமான்னாங்க. அவ்வளவுதான். ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. போர்டு மெம்பர் ராய் முதல் திட்டம்னான். எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ராய் ஃபுட்பால் பைத்தியம், அவன் புள்ளை அந்த டீம்ல இருக்கான். மனசு மாறிட்டான் போல, பரவாயில்லையேன்னு நினைச்சேன். ரெண்டு பேர் முதல், ரெண்டு பேர் ரெண்டாவது. கடைசியா தலைவர். ஜெயிக்க மூணு ஓட்டு வேணும், அந்த மூணாவது ஓட்டு என்னோடது. முதல் திட்டம்னேன்.

கை தட்டினாங்க. ஃபுட்பால் கோச் ரேண்டல் மேடைக்கு வந்து என் கையைப் புடிச்சுக் குலுக்கினாரு. எவ்வளவு பெரிய மனுஷன், தோத்துட்டுக் கை குடுக்கறாரேன்னு, வண்டியில வீட்டுக்குப் போறவரைக்கும் அவரை நினைச்சுக்கிட்டே போனேன். சிரிக்கலாம் டீச்சர். நான் யாரோ இன்னொருத்தனா இருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

மறுநாள் காலையில மாட்டுத் தீனிக் கடையில டான்யா நின்னா, உங்ககிட்ட படிக்கற கென்லியோட அம்மா. மூட்டையைத் தூக்கப் போன என்னை நிறுத்தி, ஏன் இப்படிப் பண்ணீங்கன்னா. என்ன பண்ணேன்னு கேட்டேன். அவ முகம் போன போக்கு இருக்கே. நான் நக்கல் பண்றேன்னு நினைச்சுட்டா. என் பொண்ணு இப்பத்தான் கடைப் பலகையெல்லாம் தானா படிச்சுக்கிட்டு வர்றா, அவளோட டீச்சரைத் தூக்கிட்டு என்ன பண்ணேன்னு கேக்கறீங்களான்னா. மூட்டையை அங்கேயே வெச்சுட்டு வண்டியில வந்து உக்காந்தேன். சாவியைத் திருப்பக்கூடத் தோணலை.

ஆமா. கட்டுல வரிசையை மாத்திட்டாங்க. முதல் ரெண்டாச்சு, ரெண்டு முதலாச்சு. சூப்பிரண்டம்மா எந்தக் கள்ளத்தனமும் பண்ணலை, எந்தத் திட்டத்துல கூடுதலா மிச்சமோ அதை மேல போட்டிருக்காங்க. எல்லாருக்கும் அதே கட்டுதான்.

மே மாசக் கூட்டத்துல டான்யா எழுந்து, தலைவரே, ஏன் அப்படி ஓட்டுப் போட்டீங்கன்னு எல்லார் முன்னாடியும் கேட்டா. நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும், நீங்களும் அங்கதான் இருந்தீங்க. வரிசை மாறியிருந்ததுன்னு சொன்னேன். அது பொய் இல்லை. ஆனா சொன்னப்புறம் ஹாலே சூப்பிரண்டம்மா பக்கம் திரும்பிச்சு பாருங்க, அவங்க என்னைத்தான் பாத்தாங்க. டெல்மர், மேல சொல்லுங்கங்கற மாதிரி. நான் தண்ணி கிளாஸை எடுத்துக் குடிச்சேன்.

அதுலேருந்து ஊரே பேசுது, அந்தம்மா வேணும்னே ஏமாத்திட்டாங்கன்னு. முந்நூறு பேர் கையெழுத்துப் போட்ட மனு வந்திருக்கு. நாளைக்கு ராத்திரி அவங்க வேலையைப் பத்தித்தான் கூட்டம். நல்லா வேலை பாத்த ஒரு பொம்பளை, நான் தண்ணி குடிச்சதால போகப்போறாங்க.

உங்க வேலையும் திரும்ப வரலாம். நம்ம போர்டு விதி அப்படி. முடிஞ்ச ஓட்டைத் திரும்ப எடுக்கணும்னா ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவன்தான் கேக்க முடியும். காரணமும் சொல்லணும். ராய் கேக்க மாட்டான், அவன் கூட்டாளியும் மாட்டான். நான்தான் கேக்கணும்.

கேக்கறேன். அதுல யோசனை இல்லை. காரணம் சொல்றதுதான் சிக்கல்.

நீங்களும் அதையேதான் கேக்கறீங்க. எல்லாரும் கேட்டாங்க. கட்டு ஒரு வாரம் வீட்டுல கிடந்துச்சே, நாப்பத்தொண்ணாம் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சே, ஒரு தடவை புரட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமேன்னு. நெடா செத்து மூணு மாசம்தான் ஆச்சு, மனுஷன் நிலையில இல்லைன்னு அவங்களே ஒரு பதிலையும் சொல்லிக்கிட்டாங்க. நானும் தலையாட்டிட்டேன்.

நெடா ஜனவரியில போனா. ஆமா. துக்க வீட்டுக்கு நீங்க கேக் செஞ்சு கொண்டு வந்தீங்க, நினைவிருக்கு.

டீச்சர், ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுப் போயிடறேன். இங்க முதமுதல்ல வர்ற புள்ளைங்க, தனக்குப் படிக்க வரலைன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்லுவாங்க? என்ன வார்த்தை சொல்லுவாங்க? இல்ல, நாளைக்கு நான் சொல்லணும். எழுபத்தியொரு வயசுல அதை எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை.

எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். என் பேரைப் போடுவேன், ரோட்டுல நில்லுங்கற பலகையைப் பாத்தா நிப்பேன். அவ்வளவுதான். இதே கட்டடத்துல எட்டு வருஷம் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன், ஒருத்தரும் கேக்கலை. ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்சதும் நெடா அந்தக் கட்டை முதல் பக்கத்துலேருந்து கடைசி வரைக்கும் படிச்சுக் காட்டுவா. பத்தொம்பது வருஷம். அவ தொண்டை கட்டிக்கும், தேன் போட்டு டீ குடிச்சுட்டு மறுபடியும் படிப்பா. அவ போனப்புறம் வந்த கட்டெல்லாம் சாப்பாட்டு மேசையில அவ நாற்காலி முன்னாடியே அடுக்கி இருக்கு. போன் வந்தா கேட்டு வெச்சுக்குவேன். ராய் முதல்னு சொன்னப்ப, இரு, எது முதல்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். நாப்பத்தொண்ணாம் பக்கத்தைப் பாருங்கன்னு என் முன்னாடி நீட்டிடுவாங்களோன்னு பயம்.

உங்களுக்குத் தெரியும்தானே. மார்ச்சுல வாசிப்பு நாளுன்னு எங்க போர்டு ஆளுங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு புத்தகம் குடுத்தீங்க. நான் கரடிப் படத்தைப் பாத்துப் பாத்து ஒரு கதையை விட்டேன். அங்க அப்படிப் போடலையேன்னு கென்லி சொன்னா. மிஸ்டர் டெல்மர் தன்னோட கதையைச் சொல்றாருன்னு சொல்லி அவளை உக்கார வெச்சீங்க. அப்புறம் என்னை ஒரு தடவைதான் பாத்தீங்க. அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஒரு மாசம் கழிச்சு அதே ஆளு உங்க ரூமை மூட ஓட்டுப் போட்டப்ப என்னன்னு நினைச்சீங்களோ.

வேண்டாம், அதைச் சொல்ல வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

சொல்லவே மாட்டாங்களா. ஒருத்தர்கூடவா? ம். புத்தகத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க. சரி. அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?

பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்குவீங்க. அவ்வளவுதானா. எவ்வளவு நேரமானாலும்.

சரி. நாளைக்கு ஏழு மணிக்கு, ஹைஸ்கூல் ஹால்ல. முன்வரிசையில ஓரமா ஒரு இடம் போட்டு வெக்கச் சொல்றேன். வர முடியுமா?