மனிதர் இல்லாத படங்கள்

கேமராவைக் கண்டால் மனிதர்கள் சிரித்துவிடுகிறார்கள் சார். இந்த வேலையில் பெரிய தொல்லை அதுதான்.

வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கம், எழிலரசனின் வேர்க்கடலை நிலத்தில், இரண்டு வரப்பும் தெரிகிற மாதிரி ஒரு கேமரா கட்டியிருந்தேன். எது அசைந்தாலும் தானாகப் படமெடுத்து என் போனுக்கு அனுப்பிவிடும். அங்கே நரி இருப்பதாகப் படம் கிடைத்தால், பக்கத்துப் புதர்க்காட்டில் கம்பெனி ஷெட் வராமல் தடுக்கலாம். ஐந்து மாதம் தவம் கிடந்தேன். வந்ததெல்லாம் பன்றி, கீரி, அப்புறம் மாரிசெல்வம்.

மாரிசெல்வம் தூத்துக்குடிப் பக்கம். ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் மேற்கு வரப்பு வழியாக அறைக்குப் போவான். தினமும் கேமராவுக்குக் கையாட்டுவான். ஆள் வாடைக்கு நரி வராதுப்பா என்று எத்தனையோ முறை சொன்னேன். "சுத்திப் போனா ரொம்பத் தூரம்ணே, கால் கடுக்குல்லா" என்பான்.

மனிதர் விழுந்த படங்களை உடனே அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் வனவிலங்கு அமைப்பின் விதி. எழிலரசன் கிழக்கு வரப்பில் பன்றிக்குக் கரண்டு கம்பி இழுத்த படத்தையும் அப்படித்தான் அழித்தேன். கேட்டதற்கு, "இன்னா சார் பண்றது, கடலையெல்லாம் பன்னி தின்னுடுது. காலைல அஞ்சுக்கெல்லாம் ஆஃப் பண்ணிடறேன்" என்றார். பகைத்துக்கொண்டால் கேமராவைக் கழற்றச் சொல்லிவிடுவார். நான் என்ன செய்ய முடியும்?

புதன்கிழமை அவரே போன் செய்தார். வாலாஜாபாத்தில் கல்யாணமாம், மறுநாள் வந்து கரண்டை நிறுத்த ஏழு மணியாகுமாம். அன்று மாலை மாரிசெல்வத்தைப் பார்த்து, நாளையிலிருந்து கிழக்கு வரப்பில் போகச் சொன்னேன். சரிண்ணே என்றான். நல்ல பிள்ளை.

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது படங்கள் வந்தன. விழுந்த பிறகும் இரண்டு படங்களில் கை இடம் மாறியிருந்தது. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் கூட்டம் கூடிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

அவன் அம்மா அன்னக்கிளி ஊரிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ளயோட கடைசிப் படம் ஒங்ககிட்ட இருக்குமாய்யா?" விலங்குகள் மட்டும்தான் விழும் என்றேன்.

முப்பத்தொரு படங்கள் இருந்தன சார். முப்பதை அழித்தேன். மிச்சமிருந்த ஒன்றில் அவன் கால்மாட்டில் நரி நின்றது, ஆள் வாடைக்குக் கொஞ்சமும் பயப்படாமல். அவன் இருந்த பாதியை வெட்டிவிட்டு, அதை அறிக்கையில் சேர்த்தேன்.